கிட்னியில நீர் கோத்திருக்குன்னு ரிப்போர்ட் வந்தா: குழந்தையோட யூரேட்டருக்கு எந்த ஸ்கேன், எப்போ, எதுக்கு

குழந்தைங்களுக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்குற ரூம்லதான் எனக்குப் பல வருஷமா வேலை. ஒன்றரை மாசக் குழந்தையைத் துணியில சுத்தி மடியில வச்சுக்கிட்டு, இன்னொரு கையில ஃபைலைப் பிடிச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்குற அம்மாகிட்ட "என்ன டெஸ்ட்டுக்கும்மா வந்திருக்கீங்க"ன்னு கேட்டா, "தெரியலைங்க மேடம், கிட்னியில நீர் கோத்திருக்காம், டாக்டர் எழுதிக் குடுத்தாரு"ன்னு சொல்லுவாங்க. முக்காவாசிப் பேர் இப்படித்தான் வர்றாங்க. டாக்டர் சொல்லாம இல்ல, அவர் சொன்ன நேரத்துல அதைக் காதுல வாங்குற நிலைமையில அவங்க இல்ல. அப்படி ஃபைலும் கையுமா நிக்குறவங்களுக்குத்தான் இதை எழுதுறேன்.

இதுல ஒரு விஷயம் மட்டும் பிடிபட்டுட்டா மீதி தானா புரியும். எந்த ஸ்கேனும் எல்லாத்தையும் சொல்லாது, ஒவ்வொன்னும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கிட்னியில இருந்து மூத்திரப்பைக்கு வர்ற குழாய் (யூரேட்டர்) விரிஞ்சிருக்கான்னு கேட்டா அல்ட்ராசவுண்ட். யூரின் கீழ இருந்து மேல திரும்பி ஏறுதான்னு கேட்டா எம்சியூ, அதாவது டியூப் வழியா மூத்திரப்பையில மருந்து நிரப்பி, ஒன்னுக்குப் போகும்போது எடுக்குற எக்ஸ்ரே. அடைப்பு நிஜமாவே இருக்கா, கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு கேட்டா நியூக்ளியர் ஸ்கேன், அதாவது லேசாக் கதிர் வீசுற மருந்தை ஊசியில போட்டு எடுக்குற படம். குழாய் எங்க போய்த் திறக்குதுன்னே தெரியலைன்னா எம்ஆர்ஐ. டாக்டர் ஒரு டெஸ்ட் எழுதினா "இதுல என்ன தெரிஞ்சுக்கப் போறோம் டாக்டர், இது வந்தா என்ன பண்ணுவோம், வரலைன்னா என்ன பண்ணுவோம்"னு கேளுங்க. தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

முதல்ல குழாயைப் பத்திக் கொஞ்சம்

கிட்னி ரெண்டு, ரெண்டுலயும் இருந்து ஒவ்வொரு குழாய் இறங்கி மூத்திரப்பைக்கு வருது, அந்தக் குழாய்தான் யூரேட்டர். கரு உருவாகி அஞ்சாவது வாரம் போல இது ஒரு சின்ன மொட்டு மாதிரி கிளம்பி மேல போய், கிட்னியா மாறப்போற திசுவைத் தொடும், தொட்டாதான் கிட்னியே ஒழுங்கா உருவாகும். அந்த மொட்டு ரெண்டாக் கிளம்பினா ஒரே பக்கம் ரெண்டு குழாய், அதை டூப்ளெக்ஸ்னு சொல்றோம், நூறு பேர்ல ஒருத்தருக்கு இருக்கும், நிறைய பேருக்கு வாழ்நாள் பூரா ஒரு தொந்தரவும் தராது. மொட்டு கிளம்புன இடம் தள்ளிப்போனா குழாய் மூத்திரப்பையில சேர வேண்டிய இடத்தை விட்டு வேற எங்கயாவது சேரும், இல்லைன்னா சேர்ற இடத்துல வால்வு மாதிரி வேலை செய்யுற அமைப்பு சரியா அமையாம யூரின் மேல திரும்பும், அதுக்குப் பேரு ரிஃப்ளக்ஸ். குழாயோட மேல்முனை, கிட்னியோட சேர்ற இடம் குறுகலா இருந்தா பியூஜே அடைப்பு. கீழ்முனை சரியா வேலை செய்யாம குழாயே பெருசாயிட்டா மெகாயூரேட்டர். கீழ்முனை மூத்திரப்பைக்குள்ள பலூன் மாதிரி உப்பிக்கிட்டு நின்னா யூரேட்டரோசீல்.

அஞ்சாவது வாரம்னா பல பேருக்குக் கர்ப்பம்னு தெரிஞ்சே கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். அதனால "நான் அதைச் சாப்பிட்டேன், இதைத் தூக்கினேன், அதான் இப்படி ஆச்சா"ன்னு எந்த அம்மாவும் தன்னையே குத்திக்கிட்டு உக்காராதீங்க, அந்தக் கேள்வியை நான் கேட்காத வாரமே கிடையாது.

படி 1: வயித்துல இருக்கும்போதே வந்த ரிப்போர்ட்

அஞ்சாம் மாசம் எடுக்குற அனாமலி ஸ்கேன்லதான் நிறைய பேருக்கு இது முதல்ல தெரிய வரும். ரிப்போர்ட்ல ஏபி டயாமீட்டர்னு ஒரு நம்பர் இருக்கும், அது கிட்னிக்கு நடுவுல யூரின் சேர்ற கிண்ணம் முன்னுக்குப் பின் எவ்வளவு அகலம்னு அளந்தது. 28 வாரத்துக்கு முன்னாடி 4 மில்லிமீட்டருக்குக் கீழ, அதுக்கப்புறம் 7 மில்லிமீட்டருக்குக் கீழ இருந்தா நார்மல்னு வச்சுக்குவாங்க. 5, 6 மில்லிமீட்டர் மாதிரி லேசா இருக்குறது முக்காவாசி தானா சரியாயிடும், பிறந்தப்புறம் பார்த்தா ஒன்னும் இருக்காது.

நம்பரை விட முக்கியமான நாலு விஷயம் அதே ரிப்போர்ட்ல இருக்கும், அதைத் தேடிப் பாருங்க. ஒரு பக்கமா ரெண்டு பக்கமா? யூரேட்டர் தெரியுதுன்னு எழுதியிருக்காங்களா (நார்மலா இருந்தா யூரேட்டர் ஸ்கேன்ல கண்ணுக்கே தெரியாது, தெரிஞ்சாலே அது விரிஞ்சிருக்குன்னு அர்த்தம்)? மூத்திரப்பை சுவர் தடிப்பா இருக்கா? பனிக்குட நீர் குறைவா இருக்கா? ரெண்டு பக்கமும் வீங்கி, மூத்திரப்பை தடிச்சு, பனிக்குட நீரும் குறைஞ்சிருக்குன்னா, அதுவும் ஆண் குழந்தைன்னா, அது யூரேட்டரோட நிக்குற விஷயமா இல்லாம இருக்கலாம், ஒன்னுக்குப் போற பாதையிலயே வால்வு அடைப்பு இருக்கலாம். அந்த மாதிரி கேஸ்ல பிரசவமே குழந்தை யூராலஜி டாக்டர் இருக்குற இடத்துல வச்சுக்கிறது நல்லது, குழந்தை பிறந்ததும் காத்திருக்க நேரமிருக்காது.

படி 2: பிறந்தப்புறம் முதல் அல்ட்ராசவுண்ட், இங்கதான் நாள் முக்கியம்

பிறந்த அன்னிக்கே ஸ்கேன் எடுத்துடலாம்னு வீட்டுல அவசரப்படுவாங்க. வேண்டாம். பிறந்த முதல் ரெண்டு நாள் குழந்தைக்கு உடம்புல தண்ணி கம்மி, யூரின் ரொம்பக் கொஞ்சமாத்தான் உற்பத்தியாகும், அதனால விரிஞ்சிருக்குற கிட்னி கூட சுருங்கி, நல்லா இருக்குற மாதிரி தெரியும், "நார்மல்"னு ரிப்போர்ட் வந்துடும். 48 மணி நேரம் தாண்டி, பால் நல்லாக் குடிக்க ஆரம்பிச்சப்புறம், முதல் வாரத்துக்குள்ள எடுக்கறதுதான் வழக்கம். நான் மேல சொன்ன ஆபத்தான கேஸ், ஒரே கிட்னி உள்ள குழந்தை, ரெண்டு பக்கமும் ரொம்பப் பெருசா இருந்த குழந்தை, இவங்களுக்கு மட்டும் உடனே எடுப்பாங்க.

முதல் ஸ்கேன் நார்மல்னு வந்தாலும் நாலு ஆறு வாரத்துல இன்னொன்னு எடுக்கச் சொல்லுவாங்க, அதை விட்டுடாதீங்க. முதல்ல எல்லாம் சரின்னு வந்துச்சுன்னு சந்தோஷமா ஃபைலை மூடி வச்சுட்டு எட்டாம் மாசம் 104 டிகிரி காய்ச்சலோட வந்த குழந்தைங்களைப் பார்த்திருக்கேன்.

ஸ்கேனுக்கு வரும்போது ஒரு சின்ன விஷயம். குழந்தைக்குப் பால் குடுத்து, அரை மணி நேரத்துல உள்ள வர்ற மாதிரி வாங்க, டயப்பரை நாங்க சொல்றப்பதான் கழட்டுங்க, ஏன்னா ஜெல் ஜில்லுனு வயித்துல பட்டதும் குழந்தை ஒன்னுக்குப் போயிடும், மூத்திரப்பை காலியாயிட்டா அதுக்குப் பின்னாடி இருக்குற யூரேட்டரைத் தேடுறது கஷ்டம். அதனாலதான் நாங்க கிட்னியை விட்டுட்டு முதல்ல அடிவயித்துல புரோபை வைக்கிறோம். மூத்திரப்பை நிறைஞ்சிருக்கும்போது அதுக்குப் பின்னாடி கறுப்பா ஒரு குழாய் தெரிஞ்சா அதை அளப்போம், 7 மில்லிமீட்டருக்கு மேல போனா மெகாயூரேட்டர். குழந்தை ஒன்னுக்குப் போனப்புறமும் ஒரு தடவை பார்ப்போம், நிறைஞ்ச பையோட அழுத்தத்துல கிட்னி விரிஞ்சு தெரிஞ்சதா, இல்ல காலியான அப்புறமும் அப்படியே இருக்கான்னு அதுலதான் தெரியும்.

ரிப்போர்ட் படிக்கிறப்ப இதைப் பாருங்க: பிறந்தப்புறம் ஏபி டயாமீட்டர் 10 மில்லிமீட்டருக்குக் கீழ, வேற எந்தக் குறையும் இல்லைன்னா பெரும்பாலும் கவலை இல்ல. 10ல இருந்து 15 வரைக்கும் லேசு. 15க்கு மேல போனாலோ, கிட்னிக்குள்ள ஓரத்துல இருக்குற சின்னச் சின்னக் கிண்ணங்கள் வரைக்கும் வீங்கியிருந்தாலோ, யூரேட்டரும் விரிஞ்சிருந்தாலோ அடுத்த கட்டம். கிட்னியோட சதை மெலிஞ்சிருந்தா, மூத்திரப்பை சரியில்லைன்னா அதுதான் மேல் கட்டம். இந்த மூணையும் பி1, பி2, பி3ன்னு யூடிடி முறையில எழுதுவாங்க, இது 2014ல வந்தது. பழைய முறைப்படி எஸ்எஃப்யூ கிரேட் 0 முதல் 4 வரைன்னும் எழுதுவாங்க. ரெண்டு ரிப்போர்ட்டை ஒப்பிடுறப்ப ரெண்டும் ஒரே முறையான்னு பார்த்துக்கோங்க, எஸ்எஃப்யூ 3ம் பி3யும் ஒன்னுன்னு நினைச்சு அழுதவங்க இருக்காங்க.

கிட்னி விரிஞ்சிருக்கு, யூரேட்டர் தெரியலைன்னா சந்தேகம் மேல்முனை மேல, அதாவது பியூஜே. கிட்னியும் விரிஞ்சு யூரேட்டரும் விரிஞ்சிருந்தா பிரச்னை கீழ, அடைப்பு, ரிஃப்ளக்ஸ் ரெண்டுல ஒன்னு, சில சமயம் ரெண்டுமே இருக்காது, குழாய் சும்மா பெருசா இருக்கும், வளர வளர சரியாயிடும். கிட்னியோட மேல்பாதி மட்டும் வீங்கி கீழ்பாதி நல்லா இருந்தா டூப்ளெக்ஸ். டூப்ளெக்ஸ்ல ஒரு விதி உண்டு, வெய்கர்ட்-மேயர் விதின்னு பேரு. மேல்பாதியோட குழாய் மூத்திரப்பையில கீழ, உள்பக்கமாத் தள்ளிப்போய்ச் சேரும், அதுலதான் அடைப்பும் யூரேட்டரோசீலும் வரும், கீழ்பாதியோட குழாய்லதான் ரிஃப்ளக்ஸ் வரும். மேல்பாதி கீழ போகுது, கீழ்பாதி மேல சேருதுன்னு தலைகீழா ஞாபகம் வச்சுக்கோங்க, டாக்டர் பேப்பர்ல வரைஞ்சு காட்டுறப்ப உடனே புரியும்.

முக்கியமா ஒன்னு, அல்ட்ராசவுண்ட் நார்மல்னா ரிஃப்ளக்ஸ் இல்லைன்னு அர்த்தம் இல்ல. ரிஃப்ளக்ஸ் ஒன்னுக்குப் போற நேரத்துல மட்டும் கூட வரும், மத்த நேரம் குழாய் சுருங்கி நல்ல பிள்ளையா இருக்கும்.

படி 3: காய்ச்சல் வந்தா யூரினை எப்படிப் பிடிக்கிறீங்கங்கறது ஒரு டெஸ்ட்டுக்குச் சமம்

இந்தக் குழந்தைங்களுக்குச் சளி இல்லாம, இருமல் இல்லாம காய்ச்சல் வந்தா யூரின் டெஸ்ட் பண்ணாம ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்காதீங்க. அதுலயும் யூரினை ஒட்டுற பையில பிடிச்சா தோல்ல இருக்குற கிருமி எல்லாம் கலந்து, இல்லாத இன்ஃபெக்ஷன் இருக்குன்னு காட்டும், அப்புறம் தேவையில்லாம எம்சியூ வரைக்கும் போவீங்க. பையில பிடிச்சது சுத்தமா இருந்தா இன்ஃபெக்ஷன் இல்லைன்னு ஓரளவு நம்பலாம், ஆனா கல்ச்சர்ல (யூரின்ல இருக்குற கிருமியை வளர்த்துப் பார்க்குற டெஸ்ட்) கிருமி வந்தா அதை நம்ப முடியாது. சின்ன டியூப் விட்டு எடுக்கறதோ, சுத்தம் பண்ணிட்டு நடுவுல வர்ற யூரினை நேரா டப்பாவுல பிடிக்கறதோதான் சரி. ஒவ்வொரு காய்ச்சலையும் தேதி, எத்தனை டிகிரி, கல்ச்சர்ல என்ன கிருமின்னு ஒரு நோட்ல எழுதுங்க. எனக்குத் தெரிஞ்சு டாக்டர் ஃபைல்லயே முதல்ல படிக்கிறது அந்தப் பக்கத்தைத்தான்.

படி 4: எம்சியூ, எல்லாரும் பயப்படுற டெஸ்ட்

காய்ச்சலோட முதல் தடவை யூரின் இன்ஃபெக்ஷன் வந்த எல்லாக் குழந்தைக்கும் முன்னாடி இதை எடுத்தாங்க. 2011ல அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி, ரெண்டு மாசம் முதல் ரெண்டு வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்களுக்கு முதல் இன்ஃபெக்ஷனுக்கு அல்ட்ராசவுண்ட் போதும், எம்சியூ வழக்கமா வேண்டாம்னு சொன்னாங்க. இப்ப யாருக்கு எடுப்பாங்கன்னா, அல்ட்ராசவுண்ட்ல யூரேட்டர் விரிஞ்சிருக்கு, ரெண்டு பக்கமும் வீக்கம், மூத்திரப்பை தடிப்பு, டூப்ளெக்ஸோ யூரேட்டரோசீலோ சந்தேகம், இல்ல இன்ஃபெக்ஷன் திரும்ப வந்துடுச்சு, இவங்களுக்கு.

எப்படி எடுப்போம்னு சொல்லிடறேன், தெரிஞ்சா பாதி பயம் போயிடும். யூரின்ல இன்ஃபெக்ஷன் இல்லைன்னு உறுதி பண்ணிக்குவோம், டாக்டர் சொன்ன ஆன்டிபயாட்டிக்கைச் சொன்ன நேரத்துக்குக் குடுத்திருக்கணும். ஒன்னுக்குப் போற வழியில மரத்துப்போற ஜெல் போட்டு, மெல்லிசான டியூப்பை உள்ள விடுவோம், அழுகை வர்றது அந்த ஒன்னு ரெண்டு நிமிஷம்தான். எக்ஸ்ரேல வெள்ளையாத் தெரியுற மருந்து பாட்டிலை மேஜையில இருந்து ஒரு மீட்டருக்குள்ள தொங்கவிட்டு, தானா இறங்க விடுவோம், ஊசியில அழுத்தித் தள்ள மாட்டோம், தள்ளினா இல்லாத ரிஃப்ளக்ஸை நாமளே உண்டாக்குன மாதிரி ஆயிடும். எவ்வளவு மருந்துங்கறதுக்கு ஒரு கணக்கு இருக்கு, வயசோட ரெண்டைக் கூட்டி 30ஆல பெருக்கணும், நாலு வயசுக் குழந்தைன்னா 180 மில்லி. ஒரு வயசுக்குள்ளன்னா எடையை 7ஆல பெருக்குவோம், அஞ்சு கிலோக் குழந்தைக்கு 35 மில்லி.

நான் புதுசா வர்ற பசங்களுக்கு முதல் நாளே சொல்லிக் குடுக்கறது ஒன்னு இருக்கு. மருந்து பத்து பதினஞ்சு மில்லி இறங்கும்போதே ஒரு படம் எடுத்துடணும். யூரேட்டரோசீல் மெல்லிசான பலூன், மருந்து கொஞ்சமா இருக்கும்போது வெள்ளைக்கு நடுவுல உருண்டையா ஒரு கறுப்பு நிழல் மாதிரி அழகாத் தெரியும். பை நிறைய நிறைய அந்த அழுத்தத்துல அது நசுங்கிடும், இல்ல வெளிப்பக்கமாத் திரும்பிக்கும், கடைசியில எடுத்த படத்துல மூத்திரப்பை சுத்தமா இருக்கும். ஒருதடவை வேற இடத்துல எடுத்த படத்தோட ஒரு பொண்ணு வந்துச்சு, எல்லாமே நிறைஞ்ச பையோட படம்தான், ரிப்போர்ட் நார்மல். திரும்ப எடுத்தப்ப 12 மில்லியில நிழல் பளிச்சுன்னு வந்துச்சு, 60 மில்லியில அது இருந்த இடமே தெரியல. ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சு அவங்கப்பாகிட்டக் காட்டினப்ப அவர் ரொம்ப நேரம் பேசவே இல்ல.

இன்னொன்னு, குழந்தை ஒன்னுக்குப் போற நேரத்துப் படம் இல்லாத எம்சியூ பாதி டெஸ்ட்தான். நிறைய ரிஃப்ளக்ஸ் அப்பதான் ஏறும், ஆண் குழந்தையோட வால்வு அடைப்பும் அப்பதான் தெரியும். மேஜை மேல படுத்துக்கிட்டு எல்லாரும் பார்க்க ஒன்னுக்குப் போன்னா விவரம் தெரிஞ்ச குழந்தைக்கு வராது. வீட்டுலயே முன்னாடி நாள் சொல்லி வைங்க, "அந்த மேஜை மேலயே போகலாம், யாரும் திட்ட மாட்டாங்க"ன்னு. காலுல வெதுவெதுன்னு தண்ணி ஊத்துவோம், குழாயைத் திறந்து விடுவோம், அம்மா பக்கத்துல ஈய ஏப்ரன் போட்டுக்கிட்டு நிக்கலாம் (அம்மா கர்ப்பமா இருந்தா உள்ள வரக்கூடாது, அப்பாவோ பாட்டியோ வரட்டும்). ஒரு வயசுக்குள்ள குழந்தைங்களுக்கு ரெண்டு மூணு தடவை நிரப்பிப் பார்க்கறது உண்டு, முதல் தடவை வராத ரிஃப்ளக்ஸ் ரெண்டாவதுல வரும்.

ரிஃப்ளக்ஸ் இருந்தா 1 முதல் 5 வரை கிரேட் போடுவாங்க, இந்த அளவுகோல் 1985ல இருந்து உலகம் பூரா ஒன்னுதான். 1ன்னா யூரேட்டர் வரைக்கும்தான் ஏறுது. 2ன்னா கிட்னி வரைக்கும் ஏறுது, ஆனா எதுவும் விரியல. 3ல லேசா விரியும், 4ல நல்லா விரிஞ்சு குழாய் வளையும், 5ல குழாய் பாம்பு மாதிரி நெளிஞ்சு பெருசா இருக்கும். 1ம் 2ம் பெரும்பாலும் வயசு ஏற ஏற தானா நின்னுடும். 2014ல வந்த ரிவர்னு ஒரு ஆய்வு, 607 குழந்தைங்களை வச்சுப் பார்த்தது, தினம் கொஞ்சமா ஆன்டிபயாட்டிக் குடுத்தா திரும்ப இன்ஃபெக்ஷன் வர்றது பாதியாக் குறைஞ்சுது, ஆனா கிட்னியில தழும்பு விழுறதுல வித்தியாசம் தெரியலை. அதனால மருந்து குடுக்கணுமா வேண்டாமாங்கறது குழந்தைக்குக் குழந்தை மாறும், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் குடுத்தாங்களேன்னு ஒப்பிடாதீங்க.

எக்ஸ்ரே வேண்டாம்னு நினைக்குறவங்களுக்கு, டியூப் வழியா நுண்ணிய வாயுக்குமிழி மருந்தை விட்டு அல்ட்ராசவுண்ட்லயே ரிஃப்ளக்ஸ் பார்க்குற முறை இருக்கு, 2016ல அமெரிக்காவுல குழந்தைங்களுக்கு இதை அனுமதிச்சாங்க. டியூப் இதுலயும் விடணும். இந்த வசதி எல்லா இடத்துலயும் கிடையாது, இருந்தா கேட்டுப் பாருங்க.

படி 5: நியூக்ளியர் ஸ்கேன் ரெண்டு வகை, குழப்பிக்காதீங்க

டிஎம்எஸ்ஏ கிட்னியோட சதையைப் பார்க்க. ஊசி போட்டு ரெண்டு மூணு மணி நேரம் காத்திருந்து படம் எடுப்பாங்க, நடுவுல பால் குடுக்கலாம், தூங்க வைக்கலாம். இடது வலது ரெண்டும் எவ்வளவு பங்கு வேலை செய்யுதுன்னும், தழும்பு இருக்கான்னும் சொல்லும். 45ல இருந்து 55 சதவீதத்துக்குள்ள ரெண்டு பக்கமும் இருந்தா நார்மல். இன்ஃபெக்ஷன் வந்த உடனே எடுத்தா புண்ணு இருக்குற இடமும் தழும்பு மாதிரியே தெரியும், அதனால நிரந்தரத் தழும்பான்னு பார்க்க நாலு ஆறு மாசம் கழிச்சுதான் எடுக்கணும்.

இன்னொன்னு ரீனோகிராம், மேக் த்ரீ, ஈசி, டிடிபிஏன்னு மருந்தைப் பொறுத்துப் பேரு மாறும், யூரின் வெளிய ஓடுற வேகத்தைப் பார்க்க. அடைப்புதானா, இல்ல சும்மா பெருசா இருக்கான்னு கேட்கிற கேள்விக்கு இதுதான் பதில். பிறந்த குழந்தையோட கிட்னி இன்னும் முழுசா முத்தியிருக்காது, ஆறு வாரமாவது ஆகட்டும்னு டாக்டர் காத்திருக்கச் சொன்னா அது அலட்சியம் இல்ல. நல்லாத் தண்ணிச்சத்தோட இருக்கணும், நடுவுல யூரின் நிறையப் போறதுக்கு ஃபுரோசமைடு ஊசி போடுவாங்க. அப்புறம் கிண்ணத்துல இருக்குறது பாதி வெளியேற எத்தனை நிமிஷம்னு கணக்கு, 10 நிமிஷத்துக்குள்ளன்னா நல்லா ஓடுது, 20க்கு மேலன்னா அடைப்பா இருக்கலாம், நடுவுல இருந்தா உறுதியாச் சொல்ல முடியாது.

அந்த நிமிஷத்தை மட்டும் பார்த்துப் பயந்துடாதீங்க. மூத்திரப்பை நிறைஞ்சிருந்தா மேல இருக்குறது இறங்காது, குழந்தை படுத்தே இருந்தாலும் இறங்காது, பெரிய கிண்ணத்துல தண்ணி மெதுவாத்தான் வடியும். அதனால கடைசியில குழந்தையைத் தூக்கி நிமிர்த்தி வச்சு, ஒன்னுக்குப் போக விட்டு, இன்னொரு படம் எடுத்தாங்களான்னு கேளுங்க, அது ரிப்போர்ட்ல இருக்கணும். டாக்டர்கள் ஆபரேஷனைப் பத்தி யோசிக்கறது பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழ இறங்கினாலோ, முந்தின ஸ்கேனை விட 10க்கு மேல குறைஞ்சாலோ, வீக்கம் ஏறிக்கிட்டே போனாலோதான்.

ரெண்டு பக்கமும் பிரச்னை உள்ள குழந்தைக்கு இன்னொரு பொறி இருக்கு. சதவீதங்கறது ரெண்டு கிட்னிக்கும் நடுவுல பங்கு பிரிக்கறது மட்டும்தான். ரெண்டுமே பாதி வேலைதான் செய்யுதுன்னாலும் 50, 50ன்னுதான் வரும். அந்தக் குழந்தைங்களுக்கு, மொத்தமாக் கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட்டையும் சேர்த்துதான் பார்க்கணும், அதுவும் பிறந்த உடனே எடுத்தா அம்மாவோட அளவைத்தான் காட்டும், சில நாள் விட்டு எடுக்கணும்.

இந்த ரெண்டு ஸ்கேன்ல எது எடுத்தாலும் அன்னிக்கு டயப்பர் மாத்தினா கையை நல்லாக் கழுவுங்க, மருந்து யூரின்லதான் போகும். அவ்வளவுதான், குழந்தையைத் தூக்கவே கூடாதுன்னு எல்லாம் இல்ல.

படி 6: எம்ஆர் யூரோகிராம், எப்பவும் ஈரமா இருக்குற பொண்ணு

யூரின் போற பாதையை எம்ஆர்ஐல படம் எடுக்கறதுதான் இது, எல்லாருக்கும் தேவைப்படாது. குழாயோட அமைப்பே புரியலைன்னா, டூப்ளெக்ஸ்ல ரெண்டாவது குழாய் எங்க போகுதுன்னு தெரியலைன்னா எடுப்பாங்க. கதிர்வீச்சு கிடையாது, ஆனா அசையாம படுக்கணும், அதனால சின்னக் குழந்தைக்கு மயக்கம் தேவைப்படும். மூணு மாசத்துக்குள்ள குழந்தைன்னா வயிறு நிறையப் பால் குடுத்து துணியில இறுக்கமாச் சுத்தித் தூங்க வச்சே எடுத்துடலாம், கேட்டுப் பாருங்க.

இந்த ஸ்கேன் யாருக்கு வாழ்க்கையையே மாத்துதுன்னா, நான் சொல்லப்போற மாதிரி பொண்ணுங்களுக்கு. ஆறு வயசுப் பொண்ணு, ஒன்னுக்கு எல்லாம் ஒழுங்கா சொல்லிட்டுப் போறா, ஆனா ஜட்டி எப்பவும் ஈரம். ஸ்கூல்ல திட்டு, வீட்டுல அடி, ரெண்டு வருஷம் பழக்கம் சரியில்லைன்னு மாத்திரை. அல்ட்ராசவுண்ட் மூணு தடவை நார்மல். அவங்கம்மா கடைசியில ஒரு காரியம் பண்ணினாங்க, ஒரு ஞாயித்துக்கிழமை பூரா அவளை மணிக்கொரு தடவை ஒன்னுக்குப் போக வச்சு, துடைச்சு, வெள்ளைக் கைக்குட்டையை மடிச்சு வச்சு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்து எழுதினாங்க. போயிட்டு வந்த பத்தாவது நிமிஷமே காசு அளவுக்கு ஈரம், ராத்திரி தூக்கத்துலயும் அதே. அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் டாக்டர் எம்ஆர் எழுதினாரு. கிட்னிக்கு மேல் ஓரத்துல பட்டாணி அளவுக்கு ஒரு குட்டிப் பாகம், அதுல இருந்து ஒரு குழாய் மூத்திரப்பையைத் தாண்டிப் போய் வெஜைனாவுல திறந்திருந்துச்சு. பையைத் தொடாத குழாய்க்கு மூடித் திறக்குற சதை ஏது, அதான் நாள் பூரா சொட்டிக்கிட்டே இருந்திருக்கு. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல.

நல்லா ஒன்னுக்குப் போற பொண்ணு ஆனா எப்பவுமே ஈரம், ஒரு நாள் கூடக் காஞ்ச நாள் கிடையாதுன்னா, இடம் மாறித் திறக்குற யூரேட்டரான்னு நீங்களே டாக்டர்கிட்டக் கேளுங்க. பசங்களுக்கு இந்தக் குழாய் மூடித் திறக்குற சதைக்கு மேலதான் திறக்கும், அதனால சொட்டாது. அவங்களுக்கு விரைப்பக்கம் திரும்பத் திரும்ப வீக்கம், வலி, யூரின் இன்ஃபெக்ஷன்னு வரும்.

சிடி ஸ்கேன் இந்தப் பிரச்னைக்கு முதல் தேர்வா யாராவது எழுதினா ஏன்னு கேளுங்க, கதிர்வீச்சு அதிகம். ஊசி போட்டு வரிசையா எக்ஸ்ரே எடுக்குற பழைய ஐவியூ இப்ப ரொம்பக் குறைஞ்சுடுச்சு.

பெரிய குழந்தைக்கு வலி வந்து வந்து போனா

எட்டு, பத்து வயசுல விலாப்பக்கம் திடீர்னு வலி, கூடவே வாந்தி, ரெண்டு மணி நேரத்துல சரியாகி விளையாடப் போயிடும். வயித்துக் கோளாறுன்னு மருந்து குடுத்துக்கிட்டே இருப்பாங்க. கிட்னிக்குப் போற ஒரு ரத்தக்குழாய் யூரேட்டரோட மேல்முனைக்குக் குறுக்க போய் அப்பப்ப மடக்கும்போது இப்படி வரும். வலி இல்லாதப்ப ஸ்கேன் எடுத்தா ஒன்னுமே இருக்காது. வலிக்கும்போதே கூட்டிட்டு ஓடுங்க, அந்த நேரத்துல எடுத்த ஒரு அல்ட்ராசவுண்ட் மத்த பத்து ஸ்கேனுக்குச் சமம். டாக்டர்கிட்ட முன்னாடியே பேசி "வலி வந்ததும் உடனே ஸ்கேன்"னு ஒரு சீட்டு எழுதி வாங்கி ஃபைல்ல வச்சுக்கோங்க, ராத்திரி டியூட்டியில இருக்குறவங்ககிட்ட முழுக்கதையும் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது.

காத்திருக்கக் கூடாத நேரம்

மூணு மாசத்துக்குள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தாண்டிக் காய்ச்சல். வீங்கின கிட்னியோட எந்த வயசுலயும் காய்ச்சலும் வாந்தியும். ஆண் குழந்தைக்கு யூரின் வேகமில்லாம சொட்டுச் சொட்டா வர்றது. யூரின் போறதே குறைஞ்சுடறது. பெண் குழந்தை ஒன்னுக்குப் போற இடத்துல சிவப்பா உருண்டையா எதுவோ வெளிய வர்றது, அது யூரேட்டரோசீல் இறங்குறதா இருக்கலாம். இதுல எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் வச்சிருக்காதீங்க, அன்னிக்கே போங்க.

ஃபைல் எப்படி வைக்கணும்னா, ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, படங்களை சிடியிலயோ பென் டிரைவ்லயோ கேட்டு வாங்குங்க, ஏன்னா ரிப்போர்ட் எழுதுறவர் மாறுவாரு, படம் மாறாது. முடிஞ்ச வரைக்கும் ஒரே இடத்துல, ஒரே மாதிரி தண்ணி குடிச்சுட்டு எடுங்க, காலையில தாகத்தோட எடுத்த 9 மில்லிமீட்டரையும் மத்தியானம் ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு எடுத்த 13 மில்லிமீட்டரையும் வச்சுக்கிட்டு வீக்கம் ஏறிடுச்சுன்னு ராத்திரி பூரா தூங்காம இருந்தவங்களை எனக்குத் தெரியும். ரிஃப்ளக்ஸ் உள்ள குழந்தையோட கூடப்பிறந்தவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு அது இருக்கும், அதனால தம்பி, தங்கச்சிக்குக் காரணமில்லாம காய்ச்சல் வந்தா அவங்க யூரினையும் பாருங்க, அண்ணன் ஃபைலையும் கூடவே எடுத்துட்டுப் போங்க.